பழைய கார் வாங்கப் போகிறீர்களா? புகையைப் பாருங்கள்! தரையைப் பாருங்கள்!

கத்தரிக்காய் வாங்கினால் புழு இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கிறோம். வெண்டைக்காய் வாங்கினால் நுனியை ஒடித்துப் பார்க்கிறோம். மண்பானை வாங்கினால் தட்டிப் பார்க்கிறோம்.

பழைய கார் வாங்கும்போது என்ன செய்கிறோம்?

பெயிண்டைப் பார்க்கிறோம். சீட்டைத் தடவிப் பார்க்கிறோம். பாட்டு கேட்கிறதா என்று திருகிப் பார்க்கிறோம். பிள்ளைகள் ஆரனை அடித்துப் பார்க்கிறார்கள். முன்பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம்!

இது சரியல்ல.

பல வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அது. நகையை அடகு வைத்த பணமாகக்கூட இருக்கலாம். பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் உண்டு. அந்தக் காரின் பின் சீட்டில் உட்காரப் போகிறவர்கள் உங்கள் குழந்தைகள்!

காருக்கு வாய் கிடையாது. ஆனாலும் அது தன் நோயைச் சொல்லிவிடும். பின்னால் விடும் புகையில் சொல்லும். கீழே விடும் சொட்டில் சொல்லும். அந்தப் பாஷை புரிவதற்கு மோட்டார் படிப்புத் தேவையில்லை. கண்ணும் மூக்கும் போதும். கொஞ்சம் பொறுமையும் வேண்டும்.

வயதான வண்டிகள்

நம் நாட்டில் வயதான வண்டிகளுக்குக் குறைவில்லை. மாருதி 800 காரை எடுத்துக்கொள்ளுங்கள். 1983-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 14-ந் தேதி, முதல் வண்டியின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார். 2014-ம் ஆண்டு தொடக்கத்தில் அந்தக் காரின் உற்பத்தி நின்றது. அம்பாசடர் காரின் உற்பத்தியும் அதே 2014-ம் ஆண்டில்தான் நின்றது.

ஆகவே, இன்று விலைக்கு வரும் மாருதி 800 எதுவானாலும், அம்பாசடர் எதுவானாலும், அதற்கு 10 வயதுக்கு மேல் ஆகிவிட்டது.

வயதாகிவிட்டால் அது கெட்ட வண்டியா? இல்லை. நன்றாகக் கவனித்துக்கொண்டால் 20 வயது வண்டியும் ஓடும். ஆனால் ஒன்று. என்ஜினில் இரும்புப் பாகங்கள் சேரும் இடங்களில் பேக்கிங் வைத்திருக்கிறார்கள். சுழலும் இடங்களில் ரப்பர் சீல் போட்டிருக்கிறார்கள். வெயிலில் கிடக்கும் ரப்பர் செருப்பு என்ன ஆகிறது? விறைத்துப் போகிறது, வெடிக்கிறது. என்ஜின் சூட்டில் கிடக்கும் ரப்பருக்கும் அதே கதிதான். சீல் போனால் ஒழுகும். வண்டியின் வயதைப் பெயிண்ட் அடித்து மறைக்கலாம். ரப்பரின் வயதை மறைக்க முடியாது.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். சொந்தக் காருக்குப் பதிவு 15 வருடம் வரை செல்லும். பிறகு வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோய், 5 வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். புகை கக்கும் வண்டியை வாங்கினால், அந்தச் சோதனையின்போது அவஸ்தைப்படப் போகிறவர் விற்றவர் அல்ல. நீங்கள்தான்!

காலையில் போங்கள்

பழைய கார் பார்க்கக் காலையில் போங்கள். "நான் வந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஏன் தெரியுமா? பல நோய்கள், குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்யும் நேரத்தில்தான் வெளியே தெரியும். இது சில தரகர்களுக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் வருவதற்கு முன்பே வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைத்துவிடுவார்கள்.

போனதும் பானட்டின் மேல் கையை வையுங்கள். வெயிலில் நிற்காத வண்டியின் பானட் சூடாக இருக்கிறதா? "நாளைக்கு வருகிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

என்ஜின் கண்ணாடிபோலப் பளபளக்கிறதா? அதற்காக மயங்காதீர்கள். ஒழுகிய ஆயிலைக் கழுவித் துடைத்திருக்கலாம். வண்டி வழக்கமாக நிற்கும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். வண்டியைக் கழுவுகிறவர்கள் தரையைக் கழுவ மறந்துவிடுவார்கள்!

வண்டியை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கைப் போடுங்கள். ஒருவர் ஸ்டார்ட் செய்யட்டும். நீங்கள் சைலன்சர் குழாய்க்குப் பக்கவாட்டில் தள்ளி நில்லுங்கள். நேர் பின்னால் நின்று புகையைச் சுவாசிக்க வேண்டாம்.

இப்போது புகையைப் பாருங்கள்.

வெள்ளைப் புகை

குளிர்ந்த காலையில் லேசாக வெள்ளைப் புகை வருகிறது. குழாயிலிருந்து இரண்டு சொட்டுத் தண்ணீரும் விழுகிறது. சில நிமிடங்களில் எல்லாம் நின்றுவிடுகிறது.

பயப்பட வேண்டாம். அது புகை அல்ல, நீராவி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. சூட்டில் அது ஆவியாகப் போய்விடும். குழாய் குளிர்ந்திருந்தால் கண்ணுக்குத் தெரியும். அவ்வளவுதான்.

என்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை கெட்டியாக வந்துகொண்டே இருந்தால் விஷயம் வேறு. கொஞ்சம் இனிப்பு வாடையும் அடித்தால், ரேடியேட்டரில் ஓட வேண்டிய கூலண்ட் என்ஜினுக்குள் புகுந்து எரிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். என்ஜினின் தலைப்பகுதியே வெடித்திருக்கவும் கூடும்.

ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்புறத்தைப் பாருங்கள். பால் விட்ட காப்பி நிறத்தில் கொழகொழவென்று இருக்கிறதா? ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். ஆனால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. தினமும் கொஞ்ச தூரமே ஓடும் வண்டியில், உள்ளே வியர்த்து அந்த மூடியில் லேசாகப் படிவது உண்டு. ஆயில் அளவு பார்க்கும் கம்பியிலும் அதே நிறம் இருந்தால் சந்தேகம் பலமாகிறது. ரேடியேட்டர் தண்ணீர் அடிக்கடி குறைவதும், சூட்டைக் காட்டும் முள் ஏறுவதும் சேர்ந்துகொண்டால் இன்னும் பலமாகிறது.

டீசல் வண்டி என்றால் இன்னொரு காரணமும் உண்டு. டீசல் எரியாமல் வெளியே வந்தாலும் வெள்ளைப் புகை வரும். அப்போது கண் எரியும். டீசல் வாடை அடிக்கும். ஹீட்டர் பிளக், நாசில் முதலியவற்றை மெக்கானிக் பார்க்க வேண்டும்.

நீலப் புகை

நீலப் புகை வந்தால் என்ஜின் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். ஆனால் எப்போது வருகிறது என்பதைக் கவனியுங்கள். வைத்தியம் அதைப் பொறுத்தது.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு தடவை 'குப்' என்று வந்து நின்றுவிடுகிறதா? வால்வுகளில் மாட்டியிருக்கும் சிறிய ரப்பர் சீல் தேய்ந்திருக்கலாம். இரவு முழுவதும் ஆயில் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்குகிறது. காலையில் எரிகிறது.

ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க நீலப் புகை கூடுகிறதா? இது பெரிய நோய். என்ஜினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. அதைச் சுற்றி வளையங்கள் இருக்கின்றன. சைக்கிள் பம்புக்குள் வாஷர் இருக்கிறதல்லவா, அதைப் போல. வாஷர் தேய்ந்தால் பம்பில் காற்று நிற்காது. வளையம் தேய்ந்தால் ஆயில் மேலே ஏறி எரிந்துவிடும். இதைச் சரிசெய்ய என்ஜினை இறக்கிப் பிரிக்க வேண்டும். வண்டியின் விலைக்குச் சமமாகக்கூடச் செலவு வந்து நிற்கும்.

சிறிய காரில் என்ஜின் ஆயில் சுமார் 3 லிட்டர்தான் இருக்கும். அதில் ஒரு லிட்டர் எரிந்துபோனால் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. கவனிக்காமல் ஓட்டினால் ஒரு நாள் என்ஜின் இறுகி நடுவழியில் நின்றுவிடும்.

இதை மறைக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். மிகவும் கெட்டியான ஆயிலை ஊற்றி விற்பார்கள். சில நாள் புகை அடங்கியிருக்கும். பிறகு பழைய கதைதான்! ஆகையால் அரை மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். மேட்டில் ஏற்றிப் பாருங்கள். இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, மறுபடி மிதிக்கும்போது கண்ணாடியில் பின்புறம் பாருங்கள்.

கறுப்புப் புகை

பார்க்கப் பயங்கரமாக இருப்பது கறுப்புப் புகை. ஆனால் பல சமயங்களில் குறைந்த செலவில் தீருவதும் இதுதான்.

எரிபொருள் அதிகம், காற்று குறைவு என்று இதற்கு அர்த்தம். அடுப்பில் விறகை அடைத்து வைத்தால் கரும்புகை சூழ்கிறதல்லவா? அதே காரணம். முதலில் ஏர் பில்டரைப் பாருங்கள். அது தூசி அடைத்திருக்கலாம். கார்புரேட்டர் வண்டியானால் சோக் சிக்கியிருக்கலாம். அதற்குப் பிறகு வந்த வண்டியானால் இன்ஜெக்டரோ சென்சாரோ கெட்டிருக்கலாம்.

முன் பக்கம் புகை

பானட்டுக்கு அடியிலிருந்து புகை வருகிறதா? இது சைலன்சர் புகையல்ல. மேல் கவர் பேக்கிங்கிலிருந்து ஆயில் ஒழுகி, சூடான குழாயின் மேல் விழுந்து கருகலாம். அல்லது கூலண்ட் கொதித்து ஆவி வரலாம். வயர் கருகும் வாடை அடித்தால் உடனே என்ஜினை நிறுத்திவிட்டு, குடும்பத்தோடு தூரமாக இறங்கி நில்லுங்கள்.

எந்தக் காரணத்தைக் கொண்டும் சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்காதீர்கள்! உள்ளே தண்ணீர் அழுத்தத்தில் கொதித்துக்கொண்டிருக்கும். முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

கண்ணுக்குத் தெரியாத விஷம்

புகையே தெரியாத ஓர் ஆபத்தும் இருக்கிறது. கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு சைலன்சர் வழியாக வருகிறது. அதற்கு நிறம் இல்லை, வாடையும் இல்லை. சைலன்சர் குழாயில் ஓட்டை விழுந்தால் இந்த வாயு காருக்குள் வரக்கூடும். தலைவலி, மயக்கம், வாந்தி இதன் அறிகுறிகள்.

மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிடக் கூடாது. நின்ற வண்டியில் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு தூங்கக் கூடாது. காருக்குள் தலை சுற்றினால் இறங்கி வெளிக்காற்றுக்கு வந்துவிட வேண்டும்.

தரையில் என்ன கறை?

இனி, தரையைப் பார்ப்போம்.

வண்டியை ஓட்டிப் பார்த்த பிறகு, காய்ந்த தரையில் நிறுத்துங்கள். அடியில் பத்திரிகையை விரியுங்கள். படித்து முடித்த பிறகு இந்தப் பத்திரிகையையே விரிக்கலாம்! 20 நிமிடம் பொறுங்கள். உங்கள் சொந்த வண்டியானால், இரவு முழுவதும் ஓர் அட்டையைப் போட்டு வையுங்கள். முன் பக்கம் எது என்று அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள்.

சொட்டு விழுந்திருந்தால் நான்கு கேள்வி கேளுங்கள். எங்கே விழுந்தது? என்ன நிறம்? தொட்டால் எப்படி இருக்கிறது? என்ன வாடை? தொட்ட பிறகு கையைக் கழுவிவிடுங்கள்.

வெறும் தண்ணீரா? ஏ.சி. போட்டு ஓட்டினீர்களா? அது ஏ.சி. தண்ணீர். கவலை இல்லை.

பழுப்பு அல்லது கறுப்பு நிறத்தில் வழுவழுப்பாக இருந்தால் என்ஜின் ஆயில். மேலே பேக்கிங் மாற்றினால் தீருமானால் சின்னச் செலவு. என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்திலிருந்து சொட்டினால் செலவு அதிகம். அங்கே போடும் சீல் சிறியதுதான். ஆனால் அதை மாற்றக் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும்!

கெட்டியாக, கந்தக நாற்றத்தோடு இருந்தால் பெரும்பாலும் கியர் ஆயில்.

பச்சை, சிவப்பு, நீலம் ஆகிய நிறங்களில், பிசுபிசுப்பாக, இனிப்பு வாடையோடு இருந்தால் கூலண்ட். வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டிய வண்டியானால் துருத் தண்ணீராகச் சொட்டும். கூலண்ட் விஷம்! இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும். குழந்தையும் தொட்டு வாயில் வைக்கும். உடனே கழுவிவிடுங்கள்.

பெட்ரோல் வாடை அடித்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். பக்கத்தில் தீக்குச்சி கிழிக்காதீர்கள்.

சிவப்பாக எண்ணெய் போல இருந்தால் அது பவர் ஸ்டீரிங் ஆயிலாக இருக்கலாம்.

இந்த ஒரு சொட்டு மட்டும் வேண்டாம்

மற்ற ஒழுகல்கள் பணத்தைத் தின்னும். இது உயிரைத் தின்னும். இதுதான் பிரேக் ஆயில்!

புதிதாக இருக்கும்போது நல்லெண்ணெயைவிட வெளிறிய நிறமாக இருக்கும். நாளாக ஆகப் பழுப்பாகும். சக்கரத்தின் உட்புறத்திலோ, பிரேக் மிதிக்கும் இடத்துக்கு மேலோ கசியும். பட்ட இடத்தில் பெயிண்ட் உரியும்.

பிரேக்கை அழுத்தி மிதித்தபடி அரை நிமிடம் காலை எடுக்காமல் இருங்கள். பெடல் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போகிறதா? அந்த வண்டியைத் தெருமுனை வரைகூட ஓட்ட வேண்டாம். மெக்கானிக்கை அங்கேயே அழைத்து வாருங்கள்.

"புகைச் சான்றிதழ் இருக்கிறது சார்" என்று விற்பவர் காகிதத்தை நீட்டுவார். இருக்கட்டும். அது வண்டி விடும் மூச்சை அளந்து கொடுத்த காகிதம். பிரேக் ஆயில் ஒழுகுவதை அது சொல்லாது.

வாசல் தெளிப்பவர் சொல்லைக் கேளுங்கள்

பல வீடுகளில் கறையை முதலில் பார்ப்பது யார்? காரின் சொந்தக்காரர் அல்ல. காலையில் வாசல் தெளிக்கும் பெண்தான்!

"ஏங்க, வண்டிக்குக் கீழே ஏதோ கறை இருக்கே?" என்பார். "அதெல்லாம் ஒன்றும் இல்லை. நீ கோலத்தைப் போடு" என்று பதில் வரும்.

இது தவறு. கறையைப் பார்த்தவர் சொல்ல வேண்டும். கேட்டவர் குனிந்து பார்க்க வேண்டும். இதில் ஆண் பெண் வித்தியாசம் எதற்கு? பழைய கார் பார்க்கப் போகும்போதும் மனைவியை அழைத்துப் போங்கள். பாத்திரத்தில் ஓட்டை எங்கே என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறவரிடம், தரகரின் பேச்சு அவ்வளவு எளிதில் செல்லாது.

இருவர் ஏமாற்ற முடியாது

புகையையும் கறையையும் தெரிந்துகொண்டவரை இரண்டு பேர் ஏமாற்ற முடியாது.

ஒருவர், நோயை மறைத்து விற்கிறவர். மற்றவர், இல்லாத நோயைச் சொல்லிப் பயமுறுத்தும் மெக்கானிக். காலை நீராவியைக் காட்டி, "என்ஜின் போச்சு" என்பார். ஏ.சி. தண்ணீரைக் காட்டி, "ரேடியேட்டர் ஓட்டை" என்பார். தெரியாதவர் தலையாட்டுவார். தெரிந்தவர் சிரிப்பார்.

நேர்மையான மெக்கானிக்குகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். தரகர் காட்டும் மெக்கானிக் வேண்டாம். உங்கள் மெக்கானிக் வேண்டும். பார்த்துச் சொல்வதற்கு அவர் கேட்கும் கூலியைக் கொடுங்கள். டாக்டருக்குக் கொடுக்கிறோமே! பழைய வண்டிக்குச் சாமான் கிடைக்காதே என்ற பயமும் வேண்டாம். சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய மோட்டார் சாமான்களுக்கென்றே கடைகள் இருக்கின்றன. ஆனால் பிரேக்குக்கு மட்டும் பழைய சாமான் வாங்காதீர்கள். புதிதாகவே போடுங்கள்.

எந்த வண்டியை வாங்கலாம்? எதை விடலாம்? என் கருத்து இது. கறுப்புப் புகை, மேல் பேக்கிங் கசிவு, காலையில் ஒரு 'குப்' ஆகியவை இருந்தால் செலவைக் கணக்குப் போட்டு விலையைக் குறைத்து வாங்கலாம். விடாத நீலப் புகை, விடாத வெள்ளைப் புகை இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். பிரேக் ஒழுகினால், சரிசெய்த பிறகுதான் பேச்சு.

விற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை

கார் விற்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்.

உங்கள் வண்டி ஒழுகுவது உங்களுக்குத் தெரியும். விலை குறைந்துவிடுமே என்று மறைக்கிறீர்கள். நீங்கள் ஏமாற்றுவது ஆயிரமோ ஐயாயிரமோ என்று நினைக்கிறீர்கள். பிரேக் ஒழுகலை மறைத்தால், ஏமாற்றுவது பணத்தை மட்டும் அல்ல. அந்த வண்டியில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் உயிரைப் பணயம் வைக்கிறீர்கள். இது வியாபார சாமர்த்தியம் அல்ல. பாவம்!

"இன்ன இடத்தில் ஒழுகுகிறது. இதற்காக விலையில் இவ்வளவு குறைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்லும் ஆளை ஊர் நம்பும். அடுத்த வண்டியையும் உங்களிடமே வந்து வாங்கும்.

வாங்குகிறவர்களே! நாளைக் காலையில் பழைய கார் பார்க்கப் போகிறீர்களா? முன்பணம் பையிலேயே இருக்கட்டும். முதலில் புகையைப் பாருங்கள். பிறகு குனிந்து தரையைப் பாருங்கள்.

குனிவதில் வெட்கம் இல்லை. குனியாமல் வாங்கிவிட்டு, பிறகு நடுரோட்டில் குடும்பத்தோடு நின்றுகொண்டு தள்ளுவதில்தான் கஷ்டம்!